பத்திரிகையில் வரும் துப்பாக்கிகள்

துப்பாக்கியைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் தப்புகளைக் குறித்து வைக்கத் தொடங்கினால், நாற்பது பக்க நோட்டு ஒரு வருஷத்துக்குத் தாங்காது. விஷயம் தெரிந்த வாசகன் அதைப் படித்தால் ஆசிரியருக்கு எழுதிப் போட வேண்டுமா, சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டுமா? என்னிடம் இதைக் கேட்கிறவர்கள் உண்டு. "நீங்க துப்பாக்கி சீட்ல இருந்தவர்தானே சார், நீங்களே எழுதலேன்னா வேற யார் எழுதுறது?" என்பார்கள்.

சீட்டில் இருந்தது உண்மைதான். புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசில் நான் உட்கார்ந்த நாற்காலிகளில் ஒன்று, ஆயுத உரிமம் பார்க்கும் நாற்காலி. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும் 1962ஆம் வருஷத்து விதிகளும் மேஜையிலேயே கிடக்கும். புது உரிமம், புதுப்பித்தல், அப்பா இறந்தபின் மகன் பெயருக்கு மாற்றுவது, தேர்தல் அறிவித்தவுடன் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்புவது, இதுதான் வேலை. பாங்கு காவலாளி வருவார். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர் வருவார். தாத்தா காலத்து இரட்டைக்குழலை என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவில் வைத்திருக்கும் மிராசுதார் வீட்டுப் பேரன் வருவார். நாட்டுத் துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்க நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவர், பொழுது விடியும்போதே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்.

நான் துப்பாக்கி சுட்டதில்லை, ஒரு தடவைகூட. சுட்டவர்கள் சொல்லிக் கேட்டதும், கோப்பிலும் புத்தகத்திலும் படித்ததும்தான். ஆனால் அந்தச் சீட்டில் ஒரு இலக்கம் மாறினால் துப்பாக்கியே வேறு ஆளுடையது ஆகிவிடும். இரும்பில் வெட்டியிருக்கும் எண்ணும் உரிமப் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், தேர்தல் முடிந்து திரும்ப வாங்கப் போகிறவர் மூன்று ஆபீஸ் ஏறி இறங்க வேண்டும். அதனால் துப்பாக்கியைப் பற்றி எதைப் படித்தாலும் என் கண் முதலில் எண்ணுக்குத்தான் போகும். பென்ஷன் வாங்க ஆரம்பித்தும் அந்தப் பழக்கம் விடவில்லை.

அதிகமாகக் கண்ணில் படுவது '12 எம்.எம். துப்பாக்கி'. அது 12 போர். மில்லிமீட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டி, அதில் ஒரு உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக அடைகிறதோ அது 12 போர். குழலின் உள்விட்டம் ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர் வரும். இந்தக் கணக்கில் எண் கூடக் கூடக் குழல் சிறுத்துப்போகும். 16 போர் என்பது 12 போரைவிட ஒல்லி. நமக்குப் படி, மரக்கால் போல அவர்களுக்கு அது ஒரு பழைய அளவு.

அடுத்தது ரிவால்வரையும் பிஸ்டலையும் ஒன்றாக்குவது. தோட்டா வைக்கும் உருளை சுழன்றால் ரிவால்வர். கைப்பிடிக்குள் மேகசின் செருகினால் பிஸ்டல். (துப்பாக்கிக்குள்ளும் ஒரு மேகசின் உண்டு. அதில் தப்பு வந்தால் உடனே தெரிந்துவிடும், சுடாது.) தொடர்கதையில் வில்லன் ரிவால்வரில் சைலன்சரை மாட்டிக்கொண்டு ஓசைப்படாமல் வருவான். ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு இடுக்கு இருக்கிறது. புகையும் சத்தமும் அந்த வழியாக வெளியேறிவிடும். ரஷ்யாவின் நாகன்ட் ரிவால்வர் போல ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு. நம் தொடர்கதை வில்லன் அவ்வளவு தேடிப் பிடித்து வாங்கியிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

'தலையில் தோட்டா பாய்ந்தது' என்று எழுதுவார்கள். கூடு, மருந்து, குண்டு மூன்றும் சேர்ந்ததுதான் தோட்டா. பாய்வது குண்டு மட்டும். கூடு சுட்டவன் பக்கத்திலேயே கிடக்கும். ஆனால் இப்போது எல்லோரும் அப்படியே எழுதி, எல்லோருக்கும் அப்படியே புரிந்தும் விடுகிறது. மொழி ஒரு பக்கமாகப் போன பிறகு பின்னால் நின்று கூவி என்ன பிரயோசனம்?

இதற்கெல்லாம் நான் எழுதிப் போட்டதில்லை. 12 எம்.எம். என்று படித்த வாசகருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர் துப்பாக்கி வாங்கப் போவதில்லை. அமெரிக்காவில் துப்பாக்கிக்கென்றே மாத இதழ்கள் நடக்கின்றன. 'கன்ஸ் அண்ட் அம்மோ' 1958இல் தொடங்கி இன்னும் வருகிறது. அங்கே ஒரு எண் பிசகினாலும் வாசகர்கள் விடமாட்டார்கள், ஏனென்றால் எழுதுகிறவருக்குத் தெரிந்த அளவு படிக்கிறவருக்கும் தெரியும். அந்த எண்ணை நம்பி வீட்டில் தோட்டாவுக்கு மருந்து நிரப்புகிறவர்களும் அந்த ஊரில் உண்டு. அங்கே திருத்தம் என்பது கையைக் காப்பாற்றுகிற காரியம். நமக்கு அப்படி இல்லை.

சரித்திரத்தில் வரும் துப்பாக்கி என்றால் மட்டும் எனக்குக் கொஞ்சம் பொறுக்காது. 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். ஜூன் மாதம் வந்தால் 'ரிவால்வர்' என்று யாராவது எழுதுவார்கள். பள்ளிக்கூடப் பையன் பேச்சுப் போட்டிக்கு அதைத்தான் மனப்பாடம் பண்ணுவான். நம் திருமயம் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறினால் பீரங்கி இருக்கிறது. ஊமையன் கோட்டை என்று பேர் விழுந்ததால், ஊமைத்துரை கட்டிய கோட்டை, ஊமைத்துரை வைத்த பீரங்கி என்று எழுதிவிடுகிறார்கள். கோட்டை 1687இல் சேதுபதி கட்டியது. ஊமைத்துரையைத் தூக்கிலிட்டது 1801இல். நடுவில் நூற்றுப்பதினான்கு வருஷம்.

திருக்கோகர்ணத்தில் ஞானாலயா இருக்கிறதே, அங்கே போய்ப் பழைய இதழ்களைப் புரட்டுகிறபோதுதான் எனக்கு இது உறைக்கும். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய இதழைத் தேடி எங்கிருந்தெல்லாமோ ஆராய்ச்சி மாணவர்கள் வருகிறார்கள். இதழ் வந்த வாரம் படித்தவர் யாரும் இப்போது இல்லை, எழுதியவரும் இல்லை. அச்சு இருக்கிறது. அதில் இருக்கும் தப்பை இவன் ஆதாரமாக எடுத்து எழுதுவான். அடுத்த இதழில் ஒரு வாசகர் கடிதம் இரண்டு வரியில் திருத்தியிருந்தால் அதுவும் அதே கட்டில் கிடைக்கும் அல்லவா?

திருத்தி எழுதுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஸ்காட்லாந்தில் நடந்தது.

ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதிய இயான் ஃப்ளெமிங் முதல் நாவலை 1953இல் வெளியிட்டார். பாண்ட் கையில் .25 பெரெட்டா பிஸ்டலைக் கொடுத்திருந்தார். கிளாஸ்கோவில் ஜெஃப்ரி பூத்ராய்ட் என்று ஒருவர், ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை, பொழுதுபோக்கு துப்பாக்கி. அவர் 1956இல் ஃப்ளெமிங்குக்கு எழுதினார். உங்கள் பாண்டை எனக்குப் பிடித்திருக்கிறது, அவர் வைத்திருக்கும் துப்பாக்கிதான் பிடிக்கவில்லை, அது பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் ரகம் என்கிற மாதிரி. அதோடு நிறுத்தவில்லை. பாண்டுக்கு எந்த ரிவால்வர் பொருந்தும், அதை எந்த உறையில் வைக்க வேண்டும், பிஸ்டல்தான் வேண்டுமென்றால் எது நல்லது, எல்லாம் எழுதினார்.

ஃப்ளெமிங் கோபித்துக்கொள்ளவில்லை. நன்றி சொல்லி எழுதினார், கடிதப் போக்குவரத்து வளர்ந்தது. 1958இல் வந்த 'டாக்டர் நோ' நாவலில் பாண்டிடமிருந்து பெரெட்டாவைப் பிடுங்கிவிட்டு வால்தர் பி.பி.கே. கொடுக்கிறார்கள். கொடுக்கச் சொல்லும் ஆயுத நிபுணரின் பெயர் மேஜர் பூத்ராய்ட்! கடிதம் எழுதிய வாசகரையே கதைக்குள் உட்கார வைத்துவிட்டார்.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பூத்ராய்ட் சொன்ன உறை ரிவால்வருக்கு உரியது. ஃப்ளெமிங் அவசரத்தில் அந்த உறையையும் வால்தர் பிஸ்டலையும் ஜோடி சேர்த்துவிட்டார். ஒரு தப்பைத் திருத்தப் போய் இன்னொரு தப்பு அச்சேறியது. மற்ற துப்பாக்கி ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். திருத்தம் எழுதுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நாம் பத்து விஷயம் எழுதினால் ஆசிரியர் இரண்டை எடுத்து மாற்றிச் சேர்த்துவிடுவார். ஒரு கடிதத்துக்கு ஒரு தப்பு போதும்.

இன்னொரு விஷயமும் உண்டு. பூத்ராய்ட் தன் ரிவால்வரை அட்டைப்படம் வரைவதற்காக ஓவியரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். அந்தச் சமயத்தில் கிளாஸ்கோவில் ஒரு கொலை வழக்கு. அந்த ரகத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் போலீஸ் விசாரித்துக்கொண்டு வந்தது. இவர் வீட்டுக்கு வந்தால் துப்பாக்கி இல்லை! சீட்டில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்த இலக்கியத்துக்காகவும் உரிமத் துப்பாக்கியை அடுத்தவர் கையில் கொடுக்காதீர்கள்.

நாவல் ஆளுக்கு எந்தத் துப்பாக்கி என்பது ரசனை. அதிலிருந்து நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன்.

2021 டிசம்பர் 30. நார்த்தாமலை பக்கம் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் இருப்பது நம்மவர்களுக்குத் தெரியும். அன்று காலையில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தளத்துக்கு அப்பால் தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஜனவரி 3ஆம் தேதி இறந்துவிட்டான்.

யார் சுட்டது, எந்தத் துப்பாக்கி என்பதெல்லாம் விசாரணைக்கு உரியது. அதற்குள் நான் போகவில்லை. அந்த வாரம் டீக்கடையில் நடந்த பேச்சுதான் எனக்கு மறக்கவில்லை. படித்தவர், ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், அடித்துச் சொன்னார்: "அவ்வளவு தூரம் குண்டு போகவே போகாதுண்ணே. நானூறு மீட்டர்தான் அதோட ரேஞ்ச். புக்லயே போட்டுருக்கான்." அவர் பொய் சொல்லவில்லை. பத்திரிகையில் துப்பாக்கி படத்துக்குக் கீழே பெட்டி கட்டிப் போடுவார்கள்: எடை இத்தனை கிலோ, நீளம் இவ்வளவு, 'பாயும் தூரம் 400 மீட்டர்'. நானே பல தடவை பார்த்திருக்கிறேன்.

அந்த 400 மீட்டர் என்பது குறி பார்த்து அடிக்கக்கூடிய தூரம். நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைபிளுக்குச் சொல்லும் கணக்கு அது. அதாவது, பயிற்சி பெற்ற ஆள் அவ்வளவு தூரத்தில் இருக்கும் இலக்கை அடித்துவிட முடியும் என்று அர்த்தம். 401ஆவது மீட்டரில் குண்டு தரையில் இறங்கி உட்கார்ந்துவிடும் என்று அர்த்தமில்லை. அந்த 5.56 மி.மீ. குண்டைக் குழலைச் சற்று உயர்த்திச் சுட்டால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் போய்த்தான் விழும். 7.62 மி.மீ. ரைபிள் குண்டு இன்னும் தூரம் போகும். பொம்மை மாதிரி இருக்கும் .22 தோட்டாவின் அட்டைப்பெட்டியிலேயே, ஒரு மைலுக்கு மேல் ஆபத்து என்று கம்பெனிக்காரனே எச்சரிக்கை அச்சடிக்கிறான். இரட்டைக்குழலில் போடும் பறவை ரவை இருநூறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டி ஓய்ந்துவிடும். அதே குழலில் எல்.ஜி. என்கிற பெரிய குண்டைப் போட்டால் அரைக் கிலோமீட்டர் தாண்டும். குறி பார்க்க முடியாத தூரத்தில் குண்டுக்கு வேகம் குறைந்திருக்கும், எங்கே போகிறது என்று சுட்டவனுக்கே தெரியாது. ஒரு உயிரைக் கொல்ல அந்த வேகமே போதும்.

போதாததற்கு நார்த்தாமலை பூராவும் பாறை. கல்லில் பட்ட குண்டு கோணம் மாறிப் போகும். இதனால்தான் சுடுதளத்தில் இலக்குக்குப் பின்னால் உயரமாக மண்மேடு போடுகிறார்கள். அதற்கும் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத நிலம் வேண்டும் என்பதும், சுடுகிற நேரத்தில் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

இப்போது அந்தப் பெட்டியை ஒரு கிராமத்து ஆள் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தளத்திலிருந்து அவர் வீடு ஒரு கிலோமீட்டர். '400 மீட்டர்தானே, நமக்கு ஒன்றும் இல்லை' என்று ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டுவார். பிள்ளைகள் கொல்லையில் விளையாடுவதைத் தடுக்கமாட்டார். ஊரில் நாலு பேர் சேர்ந்து மனு எழுதலாம் என்றால், 'அதெல்லாம் இங்கே வராதுய்யா' என்று இவரே சொல்லி நிறுத்திவிடுவார். இது 12 எம்.எம். போலச் சிரித்துவிட்டுப் புரட்டக்கூடிய தப்பு இல்லை.

அந்த மாதிரிப் பெட்டி எங்கே கண்ணில் பட்டாலும் நான் கார்டு எழுதிவிடுகிறேன். நாலே வரி. எந்த இதழ், எந்தப் பக்கம், 'பாயும் தூரம்' என்று இருப்பது 'குறி பார்த்து அடிக்கக்கூடிய தூரம்' என்று இருக்க வேண்டும், குண்டு பல மடங்கு தூரம் போகும், தயவுசெய்து வெளியிடவும். கையெழுத்து, முகவரி. 'உங்கள் இதழின் தரம் தாழ்ந்துவிட்டது' போன்ற வசனம் எதுவும் கிடையாது. இதுவரை ஐந்து கார்டு போயிருக்கிறது. ஒன்று அச்சில் வந்தது. ஒரு உதவி ஆசிரியர், பெண் குரல், போன் பண்ணி, "ஐயா, இந்த ரெண்டு தூரத்தையும் தனித்தனியா போட்டா சரியா வருமா?" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மூன்றுக்குப் பதிலே இல்லை.

இதே ரகத்தில் இன்னொன்று, ஏர்கன். ஒரு மாத இதழின் விவசாயப் பகுதியில், பயிரை அழிக்கும் பறவைகளை விரட்ட ஏர்கன் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு உரிமமே தேவையில்லை என்று ஒரு வரி போகிற போக்கில் வந்திருந்தது. முன்பெல்லாம் பலகையை வைத்துச் சுட்டுத் துளை விழுகிறதா என்று சோதிப்பார்கள். 2016ஆம் வருஷத்துப் புது விதிப்படி, 20 ஜூலுக்கு மேல் சக்தி இருந்தாலோ குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ ஏர்கன்னுக்கும் உரிமம் வேண்டும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் மாவட்டத்தில் பயிரை அழிக்கும் பறவை எது? விராலிமலை சுற்றுவட்டாரத்துக்காரரைக் கேட்டால் சொல்வார், மயில். கடலை போட்டவன் கண்ணீர் விடுகிறான், நியாயம்தான். ஆனால் மயில் 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அதைக் கொன்றால் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை ஜெயில். உரிமம் தேவையில்லாத ஏர்கன்னால் கொன்றாலும் அதே தண்டனைதான். அந்த ஒரு வரியை நம்பிக் கடைக்குப் போகிற சம்சாரியின் நிலைமை என்ன ஆவது? இரண்டு கார்டு எழுதினேன். இரண்டாவதற்கு ஆறு வாரம் கழித்து, கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், பொடி எழுத்தில் போட்டார்கள். கட்டுரையைப் படித்தவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. விராலிமலையில் எனக்குத் தெரிந்த உரக்கடைக்காரர் ஒருவர் அதைக் கத்தரித்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார். அது நானே கொண்டுபோய்க் கொடுத்த பிரதி.

எழுதாமல் விட்டதும் ஒன்று உண்டு. பழைய வேட்டைக் கதைகளைப் பற்றிய ஒரு கட்டுரை. அந்தக் காலத்தில் நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து எப்படித் தயாரித்தார்கள் என்று எழுதுகிறவர் ருசியாக விவரித்திருந்தார். வெடியுப்பு எத்தனை பங்கு, கந்தகம் எத்தனை பங்கு, கரி எத்தனை பங்கு என்று கணக்கும் கொடுத்திருந்தார். அது சுத்தத் தப்பு. சீட்டில் இருந்தபோது பறிமுதல் வழக்குகளின் பரிசோதனை அறிக்கை எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கிறது. அவர் சொன்ன கணக்கில் கலந்தால் புஸ்ஸென்று புகையும், அவ்வளவுதான்.

என்னோடு நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர் ஒருவர், பொதுப்பணித் துறையில் இருந்தவர், அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "இது தப்புன்னு அன்னைக்கே சொன்னீங்களே, கார்டு போட்டாச்சா?"

"போடலை."

"ஏன் சார்? எண்ணு மாறினா விடமாட்டீங்களே."

புதுக்குளத்துக் கரையை ஒரு சுற்று முடிக்கும் வரைக்கும் அவர் விடவில்லை. சரியான கணக்கை நான் எழுதிப் போட்டு, அது என் பெயரோடும் ஊரோடும் அச்சில் வந்து, யாரோ ஒரு பதினாறு வயதுப் பையன் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். அந்தத் தப்பு அப்படியே இருக்கட்டும் என்றேன். அவருக்குச் சம்மதமில்லை. தப்பு தப்புதானே என்றார். வீட்டு வாசல் வந்துவிட்டது, காப்பி சாப்பிடக் கூப்பிட்டேன்.